எட்டாவது சர்வரை மறந்தார், 44 கோடி டாலர் போச்சு! தெரியுமா?

லேவாதேவிக் கடை ரங்கூனில், பினாங்கில், சைகோனில். முதலாளியோ செட்டிநாட்டில்! தினம் தினம் உத்தரவு போட்டா கடையை ஓட்டினார்? மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள்வரிசை உண்டு. மூன்று ஆண்டு போல ஆனதும் மேலாள் ஊர் திரும்புவார், வேறொருவர் கப்பல் ஏறுவார். கடை அது பாட்டுக்கு நடக்கும்.

காரைக்குடியிலிருந்து பெங்களூருக்குப் போய் சிஸ்டம்ஸ் இன்ஜினியரான பிள்ளையைக் கேளுங்கள், அவர் வேலையும் அதுதான்! 2014-ல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டீஸ் என்ற மென்பொருளிடம், "இந்தச் செயலி எப்போதும் 50 பிரதி ஓட வேண்டும்" என்று எழுதி வைத்தால் போதும். நடுராத்திரி மூன்று விழுந்தால், யாரையும் எழுப்பாமல் அதுவே மூன்றைக் கிளப்பிவிடும். இப்படி 5,000 கணினிகள் வரை ஒரே கொத்தாக மேய்க்கும்!

விழுமா? விழாமலா! லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் கூகுள் சொன்ன கணக்கு இது: மூன்றாம் வயதில் ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கு மேல் பழுது. அந்த வயதில் பத்தாயிரம் டிஸ்க் இருந்தால் தினம் இரண்டு காலி.

நெட்ஃபிளிக்ஸோ 'கேயாஸ் மங்கி' என்றொரு மென்பொருள் குரங்கையே வளர்த்தது. அதன் வேலை, ஓடும் சர்வர்களைக் கண்டபடி அணைப்பது! அதுவும் அலுவலக நேரத்தில். இன்ஜினியர் விழித்திருக்கும்போதே விழட்டுமே என்றுதான்.

கையால் செய்தால் என்ன ஆகும்? 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்காவின் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம். எட்டு சர்வர்களில் புது நிரலை ஏற்ற வேண்டும். ஏற்றியவர் ஒன்றை விட்டுவிட்டார். அதில் பல ஆண்டாகத் தூங்கிக் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, சந்தை திறந்ததும் ஆர்டர்களாக அள்ளி வீசியது. 45 நிமிடம்தான். 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்! ஏற்றியதைச் சரிபார்க்க இன்னோர் ஆள் இல்லையாம். அடுத்தாள் இல்லாத கடை!

எல்லாம் சரி, கரண்டே போனால்? ஜெனரேட்டர் பிடிக்கும்வரை டேட்டா சென்டரைத் தாங்குவது பேட்டரி. அந்தப் பேட்டரிக்குள் நடக்கும் மின்வேதியியலை ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்று இருக்கிறது, சிக்ரி. அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தர, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். லித்தியம் அயனி பேட்டரி செய்யும் நுட்பத்தை 2018-ல் இந்தியக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்ததும் இந்த சிக்ரிதான். எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? காரைக்குடியில்!