நியூட்ரான் வேறு, நியூட்ரினோ வேறு

தேனி ஜில்லாவில் நியூட்ரினோ என்ற சொல்லைக் கேட்டறியாதார் சிலரே. பொட்டிப்புரத்தையடுத்த போடி மேற்கு மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய சர்க்கார் 2015-ல் அனுமதியளித்தது. மலையும் வனமும் கெடுமென்று தமிழ்நாட்டு சர்க்கார் 2022-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஆட்சேபித்தது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் பழனிசெட்டிபட்டி விவசாயி ஒருவர், "குண்டில் அணுவைப் பிளக்கும் நியூட்ரான்தானே இது?" என்று வினவுவாராயின், அவருக்குத் தமிழில் விடையளிப்பது கற்றோர் கடன்.

இரண்டும் ஒன்றல்ல. நியூட்ரினோ அனேகமாய் எதிலும் மோதாமல் பூமியையே ஊடுருவிச் செல்வது. நியூட்ரானோ அணுக்கருவின் உறுப்பு. அணுவைப் பிளக்க வல்லது. அதுவே உலையில் பிறந்து வேகம் தணிந்தால், சாஸ்திரிகளுக்குச் சிறந்த சாதனமாகிறது. மின்னூட்டமற்ற அது தானே ஒரு சிறு காந்தம். ஆதலால் ஒரு பொருளின் அணுக்காந்தங்கள் எத்திசை நோக்கி நிற்கின்றன என்பதை, அதில் பட்டு அது சிதறும் கோணங்களைக் கொண்டு கணிக்கலாம். அணுக்காந்தங்கள் எதிரெதிராய் நின்றால் வெளியே காந்தம் தோன்றாது. மாங்கனீஸ் ஆக்ஸைடில் மறைந்திருந்த அவ்வொழுங்கை அமெரிக்காவில் ஷல், ஸ்மார்ட் இருவரும் 1949-ல் நியூட்ரானால் நிரூபித்தனர். ஷல் 1994-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

எலெக்ட்ரான்கள் தனித்தியங்காது, ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் உலோகங்களுக்கு இம்முறை இன்றியமையாதது. இட்ரியம், நிக்கல், போரான், கார்பன் சேர்ந்த பொருளில் மின்தடையற்ற கடத்தலை 1994-ல் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் கண்டனர். அக்குடும்பத்து ஹோல்மியம் சேர்மத்தில், பூஜ்யத்திற்குக் கீழ் சுமார் 268 டிகிரி சென்டிகிரேட் குளிரில், காந்தமும் அக்கடத்தலும் போராடுகின்றன. அங்கே காந்தங்கள் அடுக்கடுக்காய்த் திருகி நிற்பதை நியூட்ரானே காட்டியது.

இவ்வித்தை நமக்கு அந்நியமன்று. டிராம்பேயில் 1985-ல் இயங்கத் தொடங்கிய துருவா உலையின் நியூட்ரான் கற்றைகளை நம் சர்வகலாசாலையினரும் பயன்படுத்தி வந்துள்ளனர். படிகங்களின் காந்த குணத்தை ஆராய்ந்து கீர்த்தி பெற்ற கே. எஸ். கிருஷ்ணன், வருஷநாட்டு மலைக்கு அப்பாலுள்ள வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்தவரே.

பெயர்க் குழப்பம் நீங்குவதால் மலையையும் நீரையும் பற்றிய கேள்வி மறைந்துவிடாது. முன்னிலும் கூர்மையாய் எழும். எழட்டும். "பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லும் சர்க்காரை ஜனங்கள் நம்பவேண்டியதில்லை. விஷயத்தை அவர்கள் பாஷையில் சொல்லி, அவர்கள் தீர்மானத்திற்குக் காத்திருப்பதே சுயராஜ்யம்.