பகைவர் நட்பான வரலாறு

ஐதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லச் செகந்திராபாத் நிலையத்தில் வண்டியேறுகின்றன. அந்நகரம் தோன்றியதற்கு ஒரு நட்பு காரணம். அந்நட்புக்கு முன்பு பகை இருந்தது. அப்பகை மோதிய களம் தமிழ்நாட்டில் உள்ளது.

1767ஆம் ஆண்டு ஐதராபாத் நிசாம் அலிகான், மைசூர் ஐதர் அலியுடன் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார். செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் போர் நிகழ்ந்தது. தோல்வி கண்ட நிசாம், மறு ஆண்டின் தொடக்கத்திலேயே ஐதர் அலியைக் கைவிட்டு ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். போர் முடிந்து ஆறு மாதங்கள்கூட ஆகவில்லை!

ஆயினும் அது உறுதியான நட்பன்று. 1790 முதல் 1792 வரை நிசாம், மராத்தியர், ஆங்கிலேயர் மூவரும் கூடித் திப்பு சுல்தானுடன் போரிட்டனர். 1795இல் அதே மராத்தியர் கர்தா என்னுமிடத்தில் நிசாமை வென்றனர். ஆங்கிலேயர் உதவாமல் ஒதுங்கி நின்றனர். மனம் கசந்த நிசாம், ரேமண்ட் என்னும் பிரெஞ்சுத் தளபதியின் கீழிருந்த படையைப் பெருக்கினார். ஐதராபாத்தின் மூசாராம்பாக் என்னும் பெயர் 'மொசியே ரேமண்ட்' என்பதன் திரிபு என்பர்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் போரிட்டுக்கொண்டிருந்தன. எனவே நிசாமிடம் பிரெஞ்சுப் படை வலுப்பெறுவதும், திப்பு பிரான்சின் உதவியை நாடுவதும் ஆங்கிலேயரை அஞ்சச் செய்தன. நிசாமோ மராத்தியருக்கு அஞ்சினார். அன்பினால் அன்று, இவ்விரு அச்சங்களினால் உருவானதே 1798ஆம் ஆண்டின் துணைப்படை ஒப்பந்தம். அதன்படி பிரெஞ்சுப் படை கலைக்கப்பட்டது. ஆங்கிலேயரின் 6 பட்டாளங்கள் ஐதராபாத்தில் தங்கின. அவற்றின் செலவுக்கு நிசாம் ஆண்டுதோறும் 24 இலட்சம் ரூபாய்க்கு மேல் தர வேண்டியிருந்தது. உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே அப்படை தங்கிய இடமே, அடுத்த நிசாமாகிய சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் செகந்திராபாத் ஆயிற்று.

1799இல் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தபோது, நிசாமின் படை ஆங்கிலேயர் பக்கம் நின்றது. வெற்றியில் கிடைத்த நிலப்பகுதி நிசாமிடம் ஓராண்டே இருந்தது. துணைப்படைச் செலவுக்கு ஈடாக, மைசூர்ப் போர்களில் பெற்ற பெல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளை 1800இல் ஆங்கிலேயரிடமே ஒப்படைத்தார். அவை சென்னை மாகாணத்துடன் இணைக்கப்பட்டன. ஆந்திர மாநிலம் பிறந்த 1953 வரை, கடப்பை சென்னையின் ஆட்சியிலேயே இருந்தது.