மாறும் பருவமும் சங்கத்தின் கடமையும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் உழவும் நெசவும் பருவத்தை நம்பியே நடைபெறுகின்றன. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்வது வழக்கம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இப்பருவத்திலேயே கிடைக்கிறது. இவ்வொழுங்கு குலைந்து வருவதை அங்கத்தினர்கள் அனுபவத்தில் அறிவர். 2015-இல் பெருவெள்ளம், 2016-இல் மழை பொய்த்தது, 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. பூமியின் வெப்பம் உயர உயரக் காற்றுத் தாங்கும் நீராவியும் மிகுகிறது. ஆகவே, பெய்தால் பெருமழையாகவும், பெய்யாவிடில் நீண்ட வறட்சியாகவும் அமைகின்றது.

இதனைத் தாங்கும் வலிமை தனி ஒருவரின் முயற்சியால் உண்டாவதன்று. ஒருவர் தம் வயலின் வடிகாலை வெட்டினாலும், அப்பால் உள்ள வாய்க்கால் தூர்ந்திருந்தால் நீர் வடியாது. ஒருவர் மட்டும் குறுகிய கால நெல்லை முன்னதாக விதைத்தால், சுற்றுப்புறத்து எலியும் பறவையும் அவ்வயலையே நாடும். கூடி, முன்கூட்டியே முடிவு செய்வதே ஒரு பிரதேசத்தின் வலிமையாகும்.

முதலாவது, விதை. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ நெல்லின் குணத்தைச் சேர்த்து உண்டாக்கிய ‘சி.ஆர். 1009 சப்-1’ இரகம், இளம் பயிராய் இருக்கையில் சுமார் இரண்டு வாரம் நீரில் மூழ்கினும் பிழைக்கக் கூடியது. ஆனால் அது நீண்ட காலப் பயிர். தண்ணீர் பிந்தி வரும் ஆண்டுக்கு ஏற்றதன்று. ஆதலால் சங்கக் கிடங்கில் இருவகை விதையும் இருத்தல் வேண்டும். எத்தேதிக்குள் தண்ணீர் வந்தால் எதை விதைப்பது என்பதை ஆனி மாதத்திற்குள் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்துக் கொள்வது நலம்.

இரண்டாவது, காப்பீடு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்த வேண்டுவது, காப்பீடு செய்த தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். கடன் பெற்றோர்க்குக் கட்டாயமாயிருந்த இக்காப்பீடு, 2020 முதல் அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது. தம் பயிர் பதிவாகியுள்ளதா என்பதைக் கடைசித் தேதிக்கு முன்னரே ஒவ்வொருவரும் இரசீது பார்த்து உறுதி செய்து கொள்க.

மூன்றாவது, தறி. குழித்தறியில் நீர் ஊறினால் நெசவாளருக்கு வேலையில்லை. வேலையின்றேல் கூலியும் இல்லை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிடுவதற்கும் வெயில் வேண்டும். ஆகவே புரட்டாசிக்குள் பாவுகளை ஆயத்தம் செய்து இருப்பு வைத்தல், தறிக்குழியைச் சுற்றித் தளத்தை உயர்த்தக் கடனளித்தல், மேட்டு நிலத்தில் பொதுக் கொட்டகை அமைத்தல் ஆகியவற்றைச் சங்கம் மேற்கொள்ளலாம். வேலை மிகுந்த மாதங்களில் கூலியில் சிறிது பிடித்துச் சேர்க்கும் நிதி, தறி நின்ற நாட்களில் அடுப்பெரிய உதவும். தாழ்ந்த தெருவில் வசிப்போருக்கு இவற்றில் முதலிடம் அளிப்பதே நீதி.

1904-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் நாட்டில் கூட்டுறவு வேரூன்றியபோது, கடன் சுமையைப் பகிர்ந்து தாங்குவதே அதன் நோக்கமாயிருந்தது. இன்று பருவத்தின் சுமையையும் அவ்வாறே பகிர்ந்து தாங்க வேண்டியிருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இம்மூன்றையும் ஆலோசனைக்கு எடுத்துக் கொள்ளும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.