உமியிலிருந்து எண்ணெய்: சியோலைட்டின் பணி

நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமியாகும். 2022 ஆம் ஆண்டில் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கமக்காரர் நீண்ட வரிசைகளில் நிற்க நேர்ந்தது. ஆதலால், உமியிலும் வைக்கோலிலும் இருந்து எண்ணெய் எடுக்கலாம் என்னும் செய்தி அவர்கட்கு நம்பிக்கை அளிப்பது இயல்பே. அவ்வெண்ணெய் எத்தகையது, அதனைப் பக்குவப்படுத்துவது எங்ஙனம், கமக்காரர் எதனைக் கொடுக்கலாம், எதனைக் கொடுத்தலாகாது என்பன ஈண்டு விளக்கப்படுகின்றன.

பக்குவப்படாத எண்ணெய்

உமி, மரத்தூள் போன்ற உலர்ந்த பொருள்களைக் காற்றுப் புகாத கலத்தில் ஏறக்குறைய 500 பாகை செல்சியசு வரை விரைவாகச் சூடாக்கினால், அவை எரியாது சிதைந்து ஆவியாகும். அவ்வாவியை இரண்டொரு செக்கனுள் குளிரச் செய்தால் கருங்கபில நிறத் திரவமொன்று கிடைக்கும். இதுவே உயிரெண்ணெய் எனப்படுவது. நல்ல மரத்தூள் 100 கிலோகிராமிலிருந்து 60 முதல் 75 கிலோகிராம் வரை இதனைப் பெறலாம். உமியில் சாம்பல் மிகுதியாதலால் அவ்வளவு கிடைப்பதில்லை. எஞ்சுவன கரியும் எரிவாயுவுமாம்.

பெயரளவில் எண்ணெயாயினும், இதன் குணம் வேறு. இதில் 15 முதல் 30 சதவீதம் நீர் உண்டு. மொத்த நிறையில் 35 முதல் 40 சதவீதம் ஒட்சிசனாதலால், இது தரும் வெப்பம் டீசல் தருவதில் பாதிக்கும் குறைவு. இதன் புளிப்பு தேசிக்காய்ச் சாற்றின் புளிப்பை ஒக்கும். ஆகவே இரும்பை அரிக்கும். டீசலுடன் கலவாது, நாட்செல்லத் தடிக்கும், காய்ச்சி வடிக்க முற்பட்டால் பெரும்பகுதி கட்டியாகிவிடும். இக்குறைகளுக்கெல்லாம் முதற் காரணம் அதிலுள்ள ஒட்சிசனே.

சியோலைட்டு செய்யும் வேலை

சூடாக்கும்போது நீராவியை வெளிவிட்டுக் கொதிப்பதுபோல் நுரைக்கும் ஒருவகைக் கல்லுக்கு, 1756 இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலறிஞர் குரோன்ஸ்டெட் ‘சியோலைட்டு’ எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ என்பது இதன் பொருள். சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் ஆகியவற்றாலான இக்கல்லினுள் ஒரே அளவான நுண்துளைகள் உள. 1972 இல் அமெரிக்க மொபில் கொம்பனி காப்புரிமை பெற்ற இசட்.எஸ்.எம்.-5 என்னும் செயற்கைச் சியோலைட்டில், ஒரு துளையின் அகலம் மில்லிமீற்றரின் ஏறக்குறைய இருபது இலட்சத்திலொரு பங்காகும்.

குளிருமுன் ஆவியை இதனூடே செலுத்தினால், துளைகளிலுள்ள அமிலத்தானங்கள் ஒட்சிசனை நீராகவும், காபனோரொட்சைட்டாகவும், காபனீரொட்சைட்டாகவும் பிரித்துவிடும். எஞ்சிய காபனும் ஐதரசனும் சேர்ந்து பென்சீன், தொலுயீன் முதலியனவாகும். இவை பெற்றோலிலும் உள்ளவை. டீசலுக்கு நேர்மாற்று அல்ல. காபனின் ஒரு பகுதி வாயுவாகவும் கரிப்படிவாகவும் கழிவதால், கிடைக்கும் நல்லெண்ணெயின் அளவு மிகக் குறையும். துளைகளை அடைக்கும் கரிப்படிவைச் சூடான காற்றில் எரித்து நீக்கி, சியோலைட்டை மீண்டும் பயன்படுத்தலாம். இம்முறை இன்றும் பெரும்பாலும் ஆய்வுகூடங்களிலும் பரீட்சார்த்த ஆலைகளிலுமே நடைபெறுகிறது.

வைக்கோலா, உமியா?

கரிப்படிவு எரித்தால் நீங்கும். பொற்றாசியமோ எரித்தாலும் நீங்காது. அது அமிலத்தானங்களிற் படிந்து சியோலைட்டின் ஆற்றலைக் கெடுத்துவிடும். ஒரு தொன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோகிராம் வரை பொற்றாசியம் உண்டு. இஃது ஏறக்குறைய 25 முதல் 35 கிலோகிராம் மியூரியேற்றுப் பொற்றாசுப் பசளையில் உள்ள அளவாகும். ஆலைக்குக் கேடாகும் அப்பொருளே வயலுக்கு உணவாகும்.

உமியில் பொற்றாசியம் குறைவு. அதன் சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்காவாகும். அச்சிலிக்காவை எரிசோடாவிற் கரைத்துச் சியோலைட்டே செய்தும் உள்ளனர். மேலும், உமி எவ்வாறாயினும் வயலை விட்டு நெற்குற்றும் ஆலைக்குச் செல்வது. எனவே எண்ணெய்க்கு ஏற்றது உமி. வயலுக்கு உரியது வைக்கோல்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. பக்குவப்படாத உயிரெண்ணெயை நீரிறைக்கும் இயந்திரத்திலோ உழவு இயந்திரத்திலோ தனித்தும், டீசலுடன் சேர்த்தும் ஊற்றலாகாது. எஞ்சின் கெட்டுவிடும்.

2. வீட்டில் பீப்பாய்களைக் கொண்டு எண்ணெய் எடுக்க முயலலாகாது. வெளிவரும் ஆவி தீப்பற்றும். அதனுடன் வரும் காபனோரொட்சைட்டு மணமற்றது; உயிரைப் போக்கவல்லது.

3. வைக்கோலை விற்குமுன், அதிலுள்ள பொற்றாசின் விலையையும் கணக்கிடுக. சூடடித்தபின் அதனை எரியாது அவ்வயலிலேயே பரப்புக. எரித்தால் நைதரசன் காற்றோடு போய்விடும்.

4. உமியைக் கொடுப்போர், எஞ்சும் உமிக்கரியைத் திருப்பித் தருமாறு பேசிக்கொள்வது நன்று. மரக்கறி நாற்றுமேடைகளின் மண்ணைப் பொலபொலப்பாக்க அது உதவும்.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.