எது இறங்கவில்லை... சோறா, தண்ணீரா?

சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் ரெண்டு தட்டு தட்டி, "யாரோ நினைச்சுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்துக்குப் போய்விடுவது நம் வீட்டு வழக்கம். என்றைக்கோ ஒரு நாள் என்றால் சரிதான். தினமும் மூன்று வேளையும் ஒருத்தரையே யாராவது நினைத்துக் கொண்டிருப்பார்களா, என்ன?

மாமனார் காபி குடிக்கும்போதெல்லாம் இருமுகிறார். மாமியார் முதலில் சப்பாத்தியை ஒதுக்கினார், பிறகு சோற்றை ஒதுக்கினார், இப்போது கஞ்சியோடு நிறுத்திக் கொண்டார். கேட்டால், "வயசாச்சில்ல, தொண்டை சுருங்கிப் போச்சு" என்கிறார். நாமும் தலையாட்டிவிட்டுக் கஞ்சியை இன்னும் கொஞ்சம் நீர்க்கக் காய்ச்சித் தருகிறோம்.

வயதானால் விழுங்குவது சற்று மெதுவாகும் என்பது உண்மை. ஆனால் விழுங்கவே முடியாமல் போவது வயதின் குணமல்ல. உள்ளே ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது என்பதன் அடையாளம். அது என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டால், பெரும்பாலும் அதற்கு வழி உண்டு. கண்டுபிடிப்பதற்கான முதல் தடயம் டாக்டரிடம் இல்லை. சாப்பாடு பரிமாறுகிற உங்களிடம்தான் இருக்கிறது.

ஒரு கவளத்தின் பயணம்

கழுத்தின் முன்புறம் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே ஏறி இறங்குவது தெரிகிறதா? அந்த ஒரு விநாடியில் எத்தனை வேலை நடக்கிறது! நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ளுகிறது. அண்ணம் மேலெழும்பி மூக்குப் பாதையை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. குரல்வளைக்கு மேலே ஒரு மூடி கவிழ்ந்து மூச்சுக் குழாயைக் காப்பாற்றுகிறது. பிறகு சுமார் 25 சென்டி மீட்டர் நீளமுள்ள உணவுக் குழாய் கவளத்தை அலை அலையாய்ப் பிசைந்து கீழே அனுப்ப, அடியில் உள்ள வால்வு திறந்து இரைப்பைக்குள் விடுகிறது.

ஆக, தடங்கல் இரண்டு இடங்களில் வரலாம். ஒன்று தொண்டையில், இன்னொன்று அதற்குக் கீழே உள்ள குழாயில். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி

"எது இறங்கலை? சோறா, தண்ணியா?" இதற்கு "எதுவுமே சரியா இறங்கலைங்க" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். நாலு நாள் கவனித்துவிட்டுப் போங்கள்.

தண்ணீர், காபி, ரசம் போன்றவற்றில் புரையேறுகிறது, விழுங்கியதும் இருமல், குரல் ஈரமாய்க் களகளக்கிறது, மூக்கு வழியே வந்துவிடுகிறது, கவளம் கன்னத்திலேயே தங்கிவிடுகிறது என்றால், கோளாறு தொண்டையில் இருக்க வாய்ப்பு அதிகம். பக்கவாதம், பார்க்கின்சன் எனும் நடுக்கு வாதம், மறதி நோய், தசை பலவீன நோய்கள், கழுத்தில் தந்த ரேடியேஷன் ஆகியவை முக்கிய காரணங்கள்.

விழுங்கிய சில விநாடிகள் கழித்து "நெஞ்சில் நிக்குது" என்றால், கோளாறு குழாயில் இருக்கலாம். முதலில் சப்பாத்தி, மாமிசம், பிறகு குழைந்த சோறு, அப்புறம் தண்ணீர் என்று படிப்படியாக மோசமானால், குழாய் குறுகிக் கொண்டே வருகிறது என்று பொருள். சோறும் தண்ணீரும் முதலிலிருந்தே சேர்ந்து அடைத்தால், குழாயின் இயக்கத்தில் கோளாறு இருக்கலாம்.

தொண்டைப் பகுதியை ஈ.என்.டி. டாக்டர் மெல்லிய குழாய்க் காமிரா மூலம் பார்ப்பார். பேரியம் கலந்த உணவை விழுங்க வைத்து, அது இறங்குவதை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டும் பார்ப்பார்கள். குழாய்ப் பகுதிக்கு எண்டாஸ்கோபி. "கேமராவை உள்ளே விடுவாங்களாமே!" என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். பெரும்பாலும் சில நிமிட வேலைதான்.

தொண்டையில் கோளாறு என்றால்...

பக்கவாதம் வந்த ஆரம்பத்தில் பலருக்கு விழுங்கும் சக்தி குறைந்துவிடுகிறது. அவர்களில் நிறையப் பேருக்குச் சில வாரங்களில் அது திரும்பியும் விடுகிறது. அதுவரை காப்பாற்றுவதுதான் சாமர்த்தியம். வாய் கோணிக் கை விழுந்து கிடப்பவருக்குப் பதற்றத்தில் சோடாவோ காபியோ புகட்டாதீர்கள்! அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டு விடும். விழுங்கும் சக்தியைச் சோதித்த பிறகுதான் வாய்வழி எதையும் தர வேண்டும். சிலருக்கு இருமலே இல்லாமல் சத்தமின்றி உள்ளே இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே முக்கிய வைத்தியம் மருந்தல்ல, பயிற்சி. பேச்சுப் பயிற்சி தருகிற நிபுணர்கள்தான் விழுங்கும் பயிற்சியும் தருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இவர்கள் இருக்கிறார்கள்; கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். சிலருக்கு முகவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கச் சொல்வார்கள். ஒரு பக்கம் பலவீனம் என்றால், அந்தப் பக்கமே தலையைத் திருப்பி விழுங்கச் சொல்வார்கள். கவளம் பலமுள்ள பக்கமாய் இறங்கிவிடும். மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்கும் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு நிமிஷம் நிறுத்தி மூன்று முறை, பிறகு நிறுத்தாமல் 30 முறை. தினம் மூன்று வேளை, ஆறு வாரம். ஒருவருக்கு நல்லது செய்யும் முறை இன்னொருவருக்குக் கெடுதலாகலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதை நம் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

குழாயில் கோளாறு என்றால்...

நெஞ்செரிச்சல் வருஷக் கணக்கில் இருந்து, அமிலம் பட்டுப் பட்டுக் குழாய் தழும்பேறிச் சுருங்கியிருக்கலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும், தேவைப்பட்டால் பலூன் வைத்து விரிப்பதும் இதற்குச் சிகிச்சை. ஆசிட்டைத் தவறுதலாகக் குடித்துக் குழாய் சுருங்கியவர்களுக்கும் இப்படித்தான் பல தடவை விரித்துவிடுவார்கள். (கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்!)

அடி வால்வு திறக்க மறுக்கும் நோய்க்கு 'அகலேசியா' என்று பெயர். ராத்திரி படுத்தால் சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே எதிர்த்து வரும், உடம்பு இளைக்கும். 1674ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர், இந்த நோயாளி ஒருவருக்குத் திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் பஞ்சைக் கட்டிக் கொடுத்து, உணவைத் தள்ளிவிட்டுக் கொள்ளச் சொன்னாராம்! இன்று பலூன் வைத்து வால்வைத் தளர்த்துகிறார்கள். இல்லாவிட்டால் வால்வுத் தசையை வெட்டி விடுகிறார்கள். ஹெல்லர் என்ற ஜெர்மானிய சர்ஜன் 1913ல் தொடங்கி வைத்த இந்த ஆபரேஷனை இப்போது சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள். 2008ல் ஜப்பானில் இனோவே என்ற டாக்டர், வெளியே கீறல் இல்லாமல் வாய்வழி எண்டாஸ்கோபி மூலமே தசையை வெட்டும் முறையைக் கொண்டு வந்தார். அது நம் நாட்டிலும் நடக்கிறது.

புற்றுநோய் என்றால் ஆபரேஷன், ரேடியேஷன், மருந்து எனச் சேர்த்துத் தருவார்கள். சீக்கிரம் தெரிந்தால்தான் பலன் அதிகம். முற்றிய நிலையிலும், குழாய்க்குள் வலைக் குழல் ஒன்றை வைத்துச் சாப்பிட வழி செய்ய முடியும். புகையிலை, வெற்றிலையோடு பாக்கு, மது ஆகியவை இதற்கு அழைப்பிதழ். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானமும் உணவுக் குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ல் அறிவித்தது. "ஆவி பறக்கணும்" என்று கேட்பவருக்கும் காபியை ஆற்றியே கொடுங்கள்.

உங்களுக்காக ஒரு வார்த்தை

எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் அடுப்படியில் தனியே உட்கார்ந்து சாப்பிடுபவர் எதை விழுங்குகிறார், எதை ஒதுக்குகிறார் என்று யாருக்குத் தெரியும்? ரத்தத்தில் இரும்புச் சத்து வெகுநாள் குறைந்தால், உணவுக் குழாயின் மேல் பகுதியில் மெல்லிய சவ்வு படர்ந்து பாதையை மறிக்கலாம். இது நடுத்தர வயதுப் பெண்களிடம்தான் அதிகம். 1919லேயே பிரிட்டனில் பேட்டர்சன், பிரவுன் கெல்லி என்ற இரு டாக்டர்கள் இதை விவரித்திருக்கிறார்கள். சோர்வு, வெளிறிய முகம், வாயோரப் புண், குழிந்த நகம், அதோடு சோறு தொண்டையில் நிற்பது... இவை சேர்ந்திருந்தால் ஹீமோகுளோபின் சோதனை செய்துகொள்ளுங்கள். இரும்புச் சத்து ஏறினாலே பலருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு ஒரு தடவை விரித்துவிட வேண்டியிருக்கும். அலட்சியப்படுத்தினால் பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம் உண்டு.

மாத்திரையைத் துளித் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுக்கும் பழக்கமும் வேண்டாம். இரும்பு மாத்திரை, எலும்பு பலத்துக்கான மாத்திரை, சில ஆன்டிபயாடிக்குகள் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியாவது படுக்காமல் இருங்கள்.

அடுப்படியில் செய்யும் வைத்தியம்

'உடம்பு சரியில்லாதவருக்கு நீர்க்கத் தருவதே நல்லது' என்பது நம் எண்ணம். தொண்டை பலவீனமானவருக்கு அதுவே விரோதி. தண்ணீர் வேகமாய் ஓடும். மூடி கவிழ்வதற்குள் மூச்சுக் குழாயில் விழுந்துவிடும். ரசம் சாதம் இன்னும் கஷ்டம்: வாயில் சோறு இருக்கும்போதே ரசம் முந்திக் கொண்டு ஓடும். இப்படிப்பட்டவருக்குச் சற்றுக் கெட்டியாகத் தர வேண்டியிருக்கும்.

எவ்வளவு கெட்டி? உலகெங்கும் ஒரே அளவு இருக்கட்டும் என்று உணவையும் திரவத்தையும் 0 முதல் 7 வரை படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எந்தப் படி என்று நிபுணர் சொல்லிவிடுவார். திரவத்தைச் சரிபார்க்க ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும் (0 முதல் 10 வரையுள்ள அளவுக்கோடு 61.5 மில்லி மீட்டர் நீளம் இருக்க வேண்டும்). 10 மில்லி ஊற்றி, 10 விநாடி ஒழுக விட்டு, மூடிப் பாருங்கள். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் முதல் படி. 4 முதல் 8 வரை இரண்டாம் படி. 8க்கு மேல் மூன்றாம் படி. சொட்டாமலே நின்றால் நாலாம் படி.

கெட்டியாக்குவதற்கென்றே பவுடர் விற்கிறது. ஆரோரூட், சோள மாவைக் காய்ச்சிச் சேர்த்தால் எச்சில் பட்டதும் நீர்த்துவிடும். வாயில் வைத்த ஸ்பூனை மறுபடி டம்ளரில் போடாதீர்கள். கெட்டியானதைச் சிலர் குறைவாகவே குடிப்பார்கள். சிறுநீர் குறைகிறதா என்று கவனியுங்கள்.

கட்டியில்லாத கேழ்வரகுக் கூழ், மிக்ஸியில் அரைத்த பருப்பு சாதம், மசித்த தயிர் சாதம், கனிந்த வாழைப்பழ மசியல் பலருக்கு ஒத்துக் கொள்ளும். பொரி, முறுக்கு, உதிரும் புட்டு, முருங்கைக்காய், கடலை வேண்டாம்.

• நிமிர்ந்து உட்கார வைத்தே ஊட்டுங்கள். சாப்பிட்ட பின்னும் அரை மணி உட்காரட்டும்.
• அரை ஸ்பூன் போதும். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய்.
• சாப்பிடும்போது பேச்சும் டி.வி.யும் வேண்டாம்.
• வாயைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு வாய் எச்சில் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும்.
• எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டியூப் என்றால் பயமா?

"மூக்குல டியூப் போட்டுட்டாங்க, இனி அவ்வளவுதான்" என்று அழுகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. ரைல்ஸ் டியூப் பெரும்பாலும் சில வாரத்துக்கான தற்காலிக ஏற்பாடு. பயிற்சியில் தேறியதும் எடுத்துவிடலாம். ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்பட்டால், வயிற்றில் சிறு துளையிட்டு நேரே இரைப்பைக்குக் குழாய் வைக்கலாம். 1979ல் அமெரிக்காவில் எண்டாஸ்கோபி மூலம் தொடங்கிய முறை இது. முகத்தில் எதுவும் தொங்காது, உடைக்குள் மறைந்துவிடும். முற்றிய மறதி நோயில் மட்டும் டியூபால் பெரிய நன்மை கிடைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாய் ஊட்டுவதையே டாக்டர்கள் சொல்கிறார்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை

எடை குறைவது, நாளுக்கு நாள் கூடும் அடைப்பு, ரத்த வாந்தி, விழுங்கினால் வலி, மாறிப்போன குரல், அடிக்கடி சளிக் காய்ச்சல் இருந்தால் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். எச்சிலே இறங்காமல் வழிந்தால் அன்றைக்கே போங்கள். மூச்சே அடைத்துப் பேச முடியாமல் தவித்தால் தண்ணீர் புகட்டாதீர்கள். முன்னால் குனிய வைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் உள்ளங்கையால் ஐந்து முறை பலமாகத் தட்டி, உதவிக்கு ஆள் அழையுங்கள்.

இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் யார் தட்டில் என்ன மிஞ்சுகிறது, யார் எந்த வாய்க்கு இருமுகிறார் என்று கொஞ்சம் பாருங்கள். ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.