அயல்நாட்டு மைதானத்தில் நம் இளைஞர்

பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்களைக் கால்பந்தாட்டப் பயிற்சிக்காக அயல்நாட்டுக்கு அனுப்பும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு. "இங்கே மைதானம் இல்லையா, பந்துதான் இல்லையா? கடல் கடந்து போய்த் தோற்றுவிட்டு வருவதற்கு இவ்வளவு செலவு எதற்கு?" என்கிறார்கள். கேள்வி நியாயமானதே. விடை காண்பதற்கு, இருபது வயதுக்குட்பட்ட இந்திய அணி 2018-ஆம் ஆண்டில் ஸ்பெயினுக்குச் சென்று வந்த பிரயாணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஸ்பெயினில் வலென்சியா நகருக்குத் தெற்கே லல்குடியா என்னும் சிற்றூர் இருக்கிறது. கோடைக் காலத்தில் பல நாட்டு இளைஞர் அணிகள் அங்கே கூடிக் கோப்பைக்காக ஆடுவது நெடுநாளைய வழக்கம். அவ்வாண்டு அங்கே சென்ற நம் அணி முதலில் முர்சியா அணியிடம் 0–2 என்று தோற்றது. பிறகு மௌரித்தானியாவிடம் 0–3 என்று தோற்றது. மூன்றாவதாக வெனிசுவேலாவைச் சந்தித்தது. இருபது வயதுக்குட்பட்டோருக்கான 2017-ஆம் ஆண்டு உலகப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்ற நாடு அது. அந்த ஆட்டத்தில் இருதரப்பிலும் கோல் விழவில்லை. நான்காவது ஆட்டம் அர்ஜென்டினாவுடன். நான்காம் நிமிடத்திலேயே தீபக் தாங்ரி தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் அனிகேத் ஜாதவுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. பத்துப் பேரே எஞ்சினர். அந்நிலையிலும் அன்வர் அலி ஃப்ரீ கிக்கில் மற்றொரு கோல் போட, இந்தியா 2–1 என்று வென்றது. அன்று தோற்ற அர்ஜென்டினாதான் முடிவில் அக்கோப்பையைக் கைப்பற்றியது. அதன் பயிற்சியாளர் லயோனல் ஸ்கலோனி. 2022-இல் கத்தாரில் தம் நாட்டுக்கு உலகக் கோப்பையை வென்று தந்தவரும் அவரே.

பத்திரிகைகள் அந்த வெற்றியைக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பயிற்சியின் நோக்கில் பார்த்தால், முதல் இரண்டு தோல்விகளுக்கும் நான்காவது ஆட்டத்துக்கும் இடையே நிகழ்ந்த மாற்றமே கவனிக்கத்தக்கது. ஒரு சில நாட்களில் எவனும் புதிதாக உதைக்கக் கற்றுக்கொண்டுவிட முடியாது. பின் என்ன கற்றார்கள்? வேகத்தைக் கற்றார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே வேகம் என்பது கால்களின் ஓட்டம் மட்டுமன்று. நம் ஊர் மைதானங்களில் மண் கட்டியாகவும் புல் திட்டுத் திட்டாகவும் இருக்கும்; பந்து துள்ளித் துள்ளி, வேகம் குன்றியே வந்து சேரும். ஆட்டக்காரன் அதை நிறுத்தி, தலை நிமிர்ந்து, யாருக்கு அனுப்பலாம் என்று யோசிக்க அவகாசம் உண்டு. ஐரோப்பாவின் நல்ல மைதானங்களில் புல்லை ஒட்ட வெட்டி, ஆட்டத்துக்கு முன் நீரும் தெளிப்பார்கள். பந்து வழுக்கிக்கொண்டு வரும். அதோடு கூடவே எதிராளியும் வந்துவிடுவான். யோசனையெல்லாம் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, உடலைப் பாதி திருப்பி நிற்றல், முதல் தொடுதலிலேயே பந்தை இடம் மாற்றுதல் – இவற்றைப் பயிற்சியாளர் ஆயிரம் முறை சொல்லியிருப்பார். ஆயினும் பந்தைப் பறிகொடுத்து, அதனால் ஒரு கோலும் விழுந்த பிறகுதான் அது உடம்பில் ஏறுகிறது. குளிர், உணவு, உறக்கம் பற்றிய தொல்லைகள் இரண்டொரு நாளில் பழகிவிடும். இது அப்படிப் பழகுவதற்குப் பல ஆட்டங்கள் வேண்டும்.

பிறர் ஆடுவதைப் பார்ப்பதும் பயிற்சியில் ஒரு பகுதியே. தொலைக்காட்சியில் இன்று எந்த நாட்டு ஆட்டத்தையும் பார்க்கலாமே என்று கேட்கலாம். அங்கே காமிரா பந்தைத் துரத்துகிறது. பந்து இடப்புறம் இருக்கும்போது வலப்புறப் பின்காவலன் எங்கே நிற்கிறான், கோல் காப்பவன் எத்தனை அடி முன்னே வந்து நிற்கிறான் என்பவை படத்தில் வருவதில்லை. மேடையில் அமர்ந்து பார்ப்பவனுக்கு இருபத்திரண்டு பேரும் ஒருங்கே தெரிகிறார்கள். தன் இடத்தில் ஆடும் ஒருவனை மட்டும் தொண்ணூறு நிமிடமும் கவனித்து வா என்று பயிற்சியாளர் இளைஞனிடம் சொல்வதுண்டு. அவன் பந்தைத் தொடுவது மொத்தம் இரண்டு மூன்று நிமிடந்தான். மற்ற நேரமெல்லாம் என்ன செய்கிறான் என்பதே பாடம்.

தோல்வியிலிருந்து இந்தியா கற்றது இது முதல் தடவையன்று. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடி, யூகோஸ்லாவியாவிடம் 1–10 என்று தோற்றனர். அதன் பிறகே பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. 1956-இல் மெல்போர்னில், பயிற்சியாளர் ரஹீமின் கீழ், நம் அணி அரை இறுதி வரை சென்று நான்காம் இடம் பெற்றது. அரை இறுதியில் எதிர்ப்பட்டதும் அதே யூகோஸ்லாவியாதான். 1–4 என்று தோற்றோம். ஆயினும் முதல் கோல் நம்முடையது.

வெற்றிச் செய்திகளைப் படிக்கும்போது சற்று நிதானம் வேண்டும். 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்ட நம் அணி ஐரோப்பாவில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, இத்தாலியை 2–0 என்று வென்றதாகச் செய்தி பரவியது. ஆடியது இத்தாலியின் தேசிய அணியன்று என்று பிறகு தெரியவந்தது. அவ்வாண்டு அக்டோபரில் டெல்லியில் நடந்த உலகக் கோப்பை ஆட்டங்களில் அமெரிக்காவிடம் 0–3, கொலம்பியாவிடம் 1–2, கானாவிடம் 0–4 என்று தோற்றோம். ஆயினும் அந்த அணியில் இருந்தவர்களே அனிகேத்தும் அன்வர் அலியும். அடுத்த ஆண்டில் ஸ்பெயினில் ஆடியதைப் பார்த்தோம்.

இடையில் அவர்களுக்குக் கிடைத்தது என்ன? அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 'இந்தியன் ஆரோஸ்' என்ற பெயரில் இவ்விளைஞர்களை ஓர் அணியாக்கி, 2017–18 ஐ-லீக் பந்தயத்தில் பெரியவர்களோடு ஆட வைத்தது. பத்து அணிகளில் பத்தாவது இடம். ஆனால் பதினெட்டு ஆட்டங்கள் கிடைத்தன. ஸ்பெயினில் அவர்கள் வயதொத்தவர் தம் முதல்நிலை இளைஞர் லீகில் அக்காலத்தில் ஆண்டுக்கு முப்பது ஆட்டங்கள் ஆடினர். மூன்று வார அயல்நாட்டுப் பயணம் இந்தக் குறையை ஈடுகட்டாது. வீட்டில் வாரந்தோறும் ஆடுகிறவனுக்கே அங்கே கற்றது நிலைக்கும்.

ஆரோஸ் அணி 2022-இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் கிளப்புகளின் இளைஞர் அணிகளுக்கென ஒரு லீக் பந்தயம் கோவாவில் தொடங்கிற்று. அதில் முதல் இரண்டு இடங்களைப் பெற்ற பெங்களூரு, கேரளா பிளாஸ்டர்ஸ் அணிகளின் இளைஞர்கள், சில மாதங்களுக்குள் இங்கிலாந்து சென்று, அந்நாட்டுப் பெரிய கிளப்புகளின் இளைஞர்களோடு ஆடித் திரும்பினர்.