சர்வரும் அதன் காவலும்

1990-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தமது நெக்ஸ்ட் கணினியையே உலகின் முதல் வெப் சர்வராக இயக்கத் தொடங்கியபோது, விவரமறியாத எவரேனும் அதை நிறுத்திவிடப் போகிறாரே என்ற கவலையால், அது சர்வர் என்றும் அதை அணைக்கலாகாதென்றும் ஒரு சீட்டில் சிவப்பு மையால் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டிவைத்தார். இன்று சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் ஒரு சீட்டோடு நிம்மதியடைந்துவிட முடியாது.

வைத்துக்கொள்வதென்னவோ வெகு சுலபம். வீட்டு இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் இருப்பதால், வீட்டுக் கணினியை வெளியுலகம் எட்டுவது பெரும்பாலும் சிரமம்; ஆகவே மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கு வி.பி.எஸ். என்னும் மெய்நிகர் சர்வர் ஒன்றை எடுத்து, அதில் உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸை ஏற்றி, ருஷ்யரான இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸையோ அதற்கு மூத்த அப்பாச்சியையோ ஒற்றை வரிக் கட்டளையால் நிறுவி, பக்கங்களை உரிய இடத்தில் போட்டுவிட்டால், எந்தத் தேசத்திலிருந்தும் அவற்றைப் படிக்கலாம்.

நம்முடையது சின்னத் தளம், இதை யார் சீந்தப்போகிறார்கள் என்ற எண்ணம் இவ்விடத்தில் இயல்பாக எழும். ஆனால் பழைய முறைப்படியான இணைய முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். அவை அனைத்தையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் ஜீமேப் என்ற புரோகிராமால் நிரூபித்தார்கள். ஆகையால் புதிய சர்வரின் லாக் கோப்பைத் திறந்து பார்க்கிறவர், அதன் முகவரியை எவரிடமும் சொல்லாதிருந்தும், ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று வரிசையாகப் பெயர்களைச் சொல்லி உள்ளே வர முயன்று தோற்ற யந்திரங்களின் சுவடுகளைப் பக்கம் பக்கமாகக் காண்பார். அவற்றுக்குத் தளத்தின் கீர்த்தி ஒரு பொருட்டல்ல. பலவீனமான பாஸ்வேர்ட் ஒன்று கிடைத்தால் போதும்.

இத்தொல்லைக்குப் பிரதான இலக்காவது, தூரத்திலிருந்து சர்வரை நிர்வகிக்க உதவும் எஸ்எஸ்எச் என்னும் வழி. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வலையமைப்பை ஒட்டுக்கேட்டு யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடிய சம்பவத்தை அடுத்து, 1995-இல் அங்கிருந்த டாட்டு உலோனன் அதை உருவாக்கினார். பாஸ்வேர்டை ஒழித்துவிட்டுச் சாவிக் கோப்புகளால் பிரவேசிப்பதே இதில் உத்தமமான உபாயம்: ரகசியச் சாவி நம் கணினியை விட்டு நகராது, பொதுச் சாவியை மட்டும் சர்வரில் பதிந்துவைத்து, அதன் பிறகு பாஸ்வேர்ட் வழியையும் ரூட் என்னும் நிர்வாகிக் கணக்கின் நேரடிப் பிரவேசத்தையும் அடைத்துவிட வேண்டும். அடைக்கும்போது, திறந்திருக்கும் ஜன்னலை மூடிவிடாமல் இன்னொரு ஜன்னலில் புதிதாக உள்ளே போய்ப் பார்த்துக்கொள்வது அனுபவஸ்தர்களின் சம்பிரதாயம். வெளியார் வருகையைத் தடுக்கும் ஃபயர்வால் விஷயத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டும். வாயில்களான 65,536 போர்ட்டுகளில் சாதாரணத் தளமொன்றுக்கு 22, 80, 443 ஆகிய மூன்றே போதுமாயினும், எஸ்எஸ்எச்சுக்குரிய 22-க்கு அனுமதி எழுதாமல் ஃபயர்வாலை முடுக்கிவிட்டவர், கள்வரோடு தம்மையும் சேர்த்து வெளியே நிறுத்திக்கொண்டவராவார். மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களின் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்து வைப்பது அநாவசியம், அது 127.0.0.1 என்ற உள்முகவரியில் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

சில பிரவுசர்களில் பூட்டுச் சின்னத்தைத் தரும் சான்றிதழை 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாக வழங்கிவருகிறது. தொடக்கத்தில் அது சான்றிதழுக்கு 90 நாள் ஆயுளே வைத்தது. புதுப்பிக்கும் வேலையைச் செர்ட்பாட் என்னும் புரோகிராம் தானே பார்த்துக்கொள்ளும். படிப்பவருக்கும் சர்வருக்கும் இடையிலுள்ள பாதையைத்தான் சான்றிதழ் காக்கிறதேயன்றிச் சர்வரைக் காப்பதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சர்வரைக் காப்பது, சுவாரசியமற்றதும் இடைவிடாததுமான அப்டேட் வேலை. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் கம்பெனியிலிருந்து 2017-இல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவுபோனதற்கு அபூர்வமான சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் குறைக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தும், மே மாதம் திருடர்கள் நுழைந்தபோது அது அங்கே போடப்படாமலே இருந்தது. உபுண்டுவில் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே ஏற்கும் வசதி உண்டு. அதை நிறுத்திவைக்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் சர்வர் ஒருநாள் போகலாம் என்பதால், பேக்கப் வேறோர் யந்திரத்தில் இருக்க வேண்டும். அதையும் அவ்வப்போது எடுத்து, காலியான சர்வரொன்றில் விரித்துத் தளம் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்க் நிரம்பிப்போனதால் இரவுதோறும் சுழியம் பைட் அளவில் உருவாகிவந்த பேக்கப் கோப்புகள், பெயரிலும் தேதியிலும் குற்றமற்றவையாகவே வரிசையில் நிற்கும்.